வெட்டின கால் ஏன் இன்னும் கடிக்குது?

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். அவருடைய மாமாவுக்கு 2009 இல் போரில் செல் (எறிகணை) பட்டு இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று. பொய்க்கால் போட்டு நடக்கிறார், தோட்டம் செய்கிறார், லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரம்கூட ஓட்டுகிறார். ஆனால் இரவில் பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டுப் படுத்த பிறகு, இல்லாத அந்தக் காலின் பெருவிரல் கடிக்கிறதாம், குதிக்கால் எரிகிறதாம், சில நாட்களில் விரல்கள் எல்லாம் மடங்கி இறுகிக் கிடக்கிறதாம். "உங்கை ஒண்டும் இல்லை, பேசாமல் படுங்கோ" என்று மாமி சொல்லிச் சொல்லி, மாமா இப்போது ஒருவரிடமும் சொல்வதில்லை. சொந்தக்காரர் ஒருவர் விசர் என்றே முடிவு கட்டிவிட்டார். இது மூளைக் கோளாறா, மூளை எப்படி வேலை செய்கிறது என்று அடியிலிருந்து சொல்லுங்கள், 10 சதவீதம்தான் பாவிக்கிறோம் என்கிறார்களே அதுவும் உண்மையா என்பது கேள்வி.

நான் இயன்மருத்துவம் படித்து, வவுனியாவிலும் கிளிநொச்சிப் பக்கத்திலும் கால் கை இழந்தவர்களோடு பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். மாமாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: விசர் இல்லை. கால் எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்கு இது இருக்கிறது, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். என்னிடம் தானாக வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. "விரல் இப்பவும் இருக்கிற மாதிரி இருக்குமோ?" என்று நான் கேட்டதும் முகம் மாறி, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றவர்கள்தான் அதிகம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த வெயர் மிட்செல் என்பவர் 1871 இல் இதற்குப் பேய் உறுப்பு என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார். அவருக்கு முந்நூறு வருடத்துக்கு முன்பே அம்புறுவாஸ் பாரே என்ற பிரெஞ்சுப் படை வைத்தியர் தன்னிடம் கால் வெட்டியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். சண்டை நடந்த இடங்களில்தான் இந்த அறிவு வளர்ந்திருக்கிறது. நாங்களும் அதில் ஒரு பங்கு கொடுத்தவர்கள், சரி, அதை விடுவோம்.

மூளைக்கு வருவோம். இறைச்சிக் கடையில் ஆட்டு மண்டையைப் பிளந்து மூளையை எடுத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். உயிரோடு இருக்கிற மனிதனின் மூளையும் கிட்டத்தட்ட அந்தப் பதம்தான், இளம் நுங்கு மாதிரி, விரலால் அமுக்கினால் உள்ளே போய்விடும். படங்களில் தெரிகிற கெட்டியான மூளை ஃபோர்மலினில் ஊறி இறுகியது. நிறை 1.3, 1.4 கிலோ வரும். உடல் நிறையில் 2 சதவீதம்தான், ஆனால் நாங்கள் சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் 20 சதவீதத்தை அது தின்கிறது. 10 சதவீதக் கதைக்கு இந்த ஒரு கணக்கே போதும். இவ்வளவு சாப்பாடு கேட்கிற ஒன்றில் பத்தில் ஒன்பது பங்கைச் சும்மா வைத்துச் சோறு போட எந்த உடம்பாலும் கட்டாது. பாரிசவாதம் வந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். நரம்புகள் நெருக்கமாகப் போகிற இடத்தில் ஒரு கச்சான் பருப்பளவு செத்தாலே ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிடுகின்றன. சும்மா கிடக்கிற 90 சதவீதத்தில் அடி விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன நோயாளி ஒருவரையும் நான் காணவில்லை.

சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் என்று பாடமாக்கியிருப்பீர்கள். நீள்வளைய மையவிழையம் கழுத்துக்கு மேலே, முண்ணாண் (முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற நரம்பு வடம்) மண்டைக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிறது. மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குவது எல்லாம் அதன் பொறுப்பு, அதில் பலமாக அடிபட்டால் ஆள் தப்புவது கஷ்டம். பிடரிப் பக்கம் கீழே இருப்பது மூளி. சமநிலை, அசைவின் தாளம், எவ்வளவு தூரம் கையை நீட்ட வேண்டும் என்கிற அளவு எல்லாம் அதன் வேலை. கள்ளு கூடினவர் வரம்பில் நடக்க முடியாமல் வயலுக்குள் இறங்குகிறாரே, அங்கே முதலில் ஆடிப்போவது மூளிதான். சின்னதாக இருக்கிறது என்று அதைக் குறைத்து எண்ணக்கூடாது. மூளையில் இருக்கும் நரம்புக்கலங்கள் கிட்டத்தட்ட 8,600 கோடி, அதில் 6,900 கோடி மூளியில்தான் அடைந்து கிடக்கின்றன. எண்ணிப் பார்த்தவர்கள் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள். அதுவரை எல்லாரும் பத்தாயிரம் கோடி என்று குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டு இருந்தார்கள்.

மேலே தொப்பி மாதிரி மூடிக்கொண்டிருப்பது மூளையம். இரண்டு பாதி, நடுவில் ஆழமான ஒரு பிளவு, அடியில் இருபது கோடி நார்கள் சேர்ந்த ஒரு பாலம் இரண்டையும் இணைக்கிறது. வெளிப்படை 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்புத்தான், ஆனால் கசக்கித் திணித்த மாதிரி மடிந்து மடிந்து இருப்பதால், விரித்தால் பத்திரிகையின் ஒரு முழுப் பக்கம் அளவுக்கு வரும். முன்பக்கம் திட்டமிடுவது, அடக்கிக்கொள்வது, பேச்சை உண்டாக்குவது. பின்பக்கம் பார்வை. காதுப் பக்கம் கேட்டலும், அதன் உள்ளே ஞாபகத்தைப் பதிகிற பகுதியும். உச்சியை ஒட்டிய பின்பகுதி தொடுகை. இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று ஆட்களைப் பிரிப்பதை நம்ப வேண்டாம். பேச்சு பெரும்பாலும் இடது பக்கம் என்பது உண்மை, மற்றபடி எந்த வேலைக்கும் இரண்டு பாதியும் சேர்ந்தே கூலிக்குப் போகின்றன.

இப்போது காலுக்கு வருகிறேன். மாமாவுக்கு இரண்டு காலும் இருந்த காலத்தில் இடது பெருவிரலில் ஒரு நெருஞ்சி முள் ஏறியது என்று வையுங்கள். விரலிலிருந்து முதுகின் அடி வரைக்கும் போகிற நரம்பிழை ஒவ்வொன்றும் ஒரே கலத்தின் வால், ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம். அதில் இரண்டு வகை நோ போகிறது. ஒன்று உறை போட்ட இழையில் வேகமாக, செக்கனுக்குப் பத்து இருபது மீற்றர், அதுதான் அந்தச் "சுரீர்". மற்றது உறையில்லாத மெல்லிய இழையில் செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில் ஊர்ந்து வருகிறது, அதுதான் முள்ளைப் பிடுங்கிய பிறகும் நின்று எரிகிற எரிவு. அடுத்தமுறை காலில் ஏதாவது அடிபட்டால் கவனியுங்கள், இரண்டும் தனித்தனியாக வருவது தெரியும். காலை வெடுக்கென்று தூக்குவதற்கு மூளையைக் கேட்க வேண்டியதில்லை, முண்ணாணே பார்த்துக்கொள்கிறது, தலைக்குச் செய்தி போவதற்குள் கால் தூக்கியாயிற்று.

அப்புறம் செய்தி மேலே போகிறது. நோ முண்ணாணுக்குள் நுழைந்த கொஞ்சத்திலேயே மற்றப் பக்கத்துக்குக் கடந்துவிடும், மெல்லிய தொடுகையோ கடக்காமல் நீள்வளைய மையவிழையம் வரை நேரே போய் அங்கேதான் மாறும். எப்படியும் இடது காலின் செய்தி மூளையின் வலது பாதிக்குத்தான் போய்ச் சேருகிறது. நடுவில் தலமஸ் என்ற சந்தி. மணம் ஒன்றைத் தவிர எல்லாப் புலனும் அதன் வழியாகத்தான் மூளையத்துக்குப் போகவேண்டும், பரந்தன் சந்தியைத் தாண்டாமல் பூநகரிப் பக்கமும் முல்லைத்தீவுப் பக்கமும் பிரிய முடியாத மாதிரி. கடைசியில் வந்து சேருகிற இடம்தான் எங்களுடைய கதைக்கு முக்கியம்.

சின்னப் பிள்ளைகள் காதுக்குக் காது போடுகிற தலைப்பட்டி தெரியும்தானே. அது இருக்கிற இடத்துக்கு நேர் கீழே, மூளையின் மேற்பரப்பில், உடம்பு முழுவதும் ஒரு படமாக வரைந்து கிடக்கிறது. காதுப் பக்கம் வாயும் முகமும், கொஞ்சம் மேலே கை விரல்கள், பிறகு தோள், முதுகு. கால் உச்சிக்குப் போய், நடுப்பிளவுக்குள் மடிந்து இறங்குகிறது. பாதமும் விரல்களும் அந்தப் பிளவின் உட்சுவரில், வெளியே தெரியாமல் இருக்கின்றன. படம் அளவுப்படி இல்லை. உதடும் விரலும் பெரிய காணி பிடித்திருக்கின்றன, முழு முதுகுக்கும் ஒரு துண்டு நிலம்தான். ஓர் ஈர்க்கை மடித்து இரண்டு நுனியையும் கிட்டக்கிட்ட வைத்து, கண்ணை மூடிய ஒருவரின் விரல் நுனியில் தொட்டுப் பாருங்கள், மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலே இரண்டு என்று சொல்லிவிடுவார். அதையே முதுகில் வைத்தால் மூன்று சென்ரிமீற்றர் விலகியிருந்தாலும் ஒன்று என்பார். பிள்ளைகளோடு விளையாட நல்ல விளையாட்டு.

இந்தப் படத்தைத் தேடி எடுத்தவர் கனடாவில் மொன்றியல் நகரில் இருந்த வைல்டர் பென்பீல்ட் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். மூளைக்குத் தன்னில் நோ தெரியாது. மண்டைத் தோலை மரக்கச் செய்துவிட்டால் நோயாளி விழித்திருந்து கதைத்துக்கொண்டு இருக்கவே மூளையில் கை வைக்கலாம். வலிப்பு நோய்க்காக வந்தவர்களுக்கு அப்படித் திறந்து, வெட்டக்கூடாத இடம் எது என்று அறிய, மெல்லிய மின்சாரத்தை ஒவ்வோர் இடமாகத் தொடுவித்து என்ன தெரிகிறது என்று கேட்டார். ஓர் இடத்தில் நாக்குக் கூசியது, இன்னோர் இடத்தில் பெருவிரல் விறைத்தது. 1937 இல் வெளியிட்டார்கள். தங்கச்சி, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த நோயாளியின் விரலை ஒருவரும் தொடவில்லை. மூளையில் விரலுக்கான இடத்தைத் தொட்டார்கள், அவர் "விரலில்" உணர்ந்தார். அப்படியென்றால் மாமாவின் காலை வெட்டியபோது அறுந்தது கீழே இருந்த கால். வலது மூளையின் உட்சுவரில் இருக்கிற கால் அப்படியே இருக்கிறது.

போர் முடிவில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது எனக்கு இலகு. கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு, விட்டு வந்த வீட்டின் கிணற்றடி எங்கே, பின்வேலியில் நுழைகிற பொட்டு எங்கே, எந்த மாமரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கண்ணை மூடிச் சொல்லக்கூடியதாக இருந்ததுதானே. அங்கே வீடு தரையோடு தரையாகக் கிடந்தது அப்போது தெரியாது. தெரிந்த பிறகும் மனதில் இருந்த வளவு அழியவில்லை.

ஆனால் படம் இருந்தால் மட்டும் நோகுமா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் ஒரே ஒரு காரணம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அறுந்த நரம்பின் நுனி சும்மா இருக்காது, வளரப் பார்த்து, போக வழியில்லாமல் சுருண்டு ஒரு முடிச்சாகும். அந்த முடிச்சு பொய்க்காலின் விளிம்பில் அமுக்குப்பட்டாலோ குளிரிலோ தானாகச் சமிக்ஞை விடும், விலாசம் பழைய பெருவிரல்தான். முண்ணாணும் நீண்ட நாள் நோவுக்குப் பிறகு சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கி அனுப்பப் பழகிவிடுகிறது. அசைவை ஆளுகிற பட்டி தொடுகைப் பட்டிக்கு முன்னால் ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து "விரலை நிமிர்த்து" என்று கட்டளை போகிறது, நிமிர்ந்தது என்று பதில் வருவதில்லை, திரும்பவும் கட்டளை. இறுகிக் கிடக்கிற அந்த உணர்வுக்கு இதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். எடுப்பதற்கு முன் காயத்தோடு எவ்வளவு நாள் நோவுபட்டார் என்பதும் முக்கியம். காயம் பட்டு மூன்று நாள் பங்கருக்குள் சாரத்தால் இறுக்கிக் கட்டியபடி கிடந்த ஒருவர், பத்து வருடத்துக்குப் பிறகும் அதே இடத்தில் அதே கட்டு இறுக்குகிறது என்றார். சாரத்தின் நிறம்கூடச் சொன்னார்.

மூளைப் படத்தைப் பற்றி ஒரு சண்டையும் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவில் கை இழந்த ஓர் இளைஞனின் கண்ணைக் கட்டி, கன்னத்தில் பஞ்சால் தொட்டபோது, அவன் இல்லாத கையின் விரலில் தொடுவதாகச் சொன்னான். தலைப்பட்டியில் முகமும் கையும் பக்கத்துப் பக்கத்துக் காணிகள் என்று சொன்னேனே, ஆளில்லாத காணிக்குள் அயலவன் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான், நோவுக்கும் அதுதான் காரணம் என்பது நெடுநாள் விளக்கம். வன்னியில் காணிப் பிரச்சினை தெரிந்த எவருக்கும் இது உடனே பிடித்துப்போகும். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் 2013 இலிருந்து வந்த ஸ்கான் ஆய்வுகள், கை போய்ப் பல வருடமானவர்களும் இல்லாத விரலை அசைக்கும்போது மூளையில் பழைய இடமே பழைய ஒழுங்கில் வேலை செய்வதைக் காட்டின. 2025 இல் வந்த ஒன்று கை எடுப்பதற்கு முன்பும் பின்பும் அதே ஆட்களுக்கு ஸ்கான் எடுத்துப் பார்த்தது, படம் மாறவேயில்லை. அயலவன் நாங்கள் நினைத்த அளவுக்கு உள்ளே வரவில்லை, காணி உறுதி இன்னும் பழைய சொந்தக்காரன் பெயரில்தான் இருக்கிறது. நான் இப்போது இந்தப் பக்கம்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நோ எங்கே என்பதைச் சொல்கிறது தொடுகைப் பட்டி, ஆனால் அது எவ்வளவு தாங்கமுடியாதது என்பதை வேறு இடங்கள் தீர்மானிக்கின்றன. காதுப் பக்கத்து மடிப்புக்குள் ஒளிந்திருக்கிற இன்சுலா, நடுப்பிளவின் உட்பக்கத்தில் வளைந்து கிடக்கிற சிங்கியுலேற் மடிப்பு. பயம், கவலை, நித்திரையின்மை எல்லாம் இதே பாதைகளோடு கலக்கின்றன. பகலில் தோட்டத்தில் வேலையாக இருக்கும்போது கடிக்காத விரல் இரவில் கடிப்பது அதனால்தான், மாமா நடிக்கிறார் என்று அர்த்தம் இல்லை. போர் முடிந்த மே மாதம் வந்தால் கூடுகிறது என்று என்னிடம் சொன்னவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

இனிச் செய்யக்கூடியது. ராமச்சந்திரன் 1990களில் கண்டுபிடித்த கண்ணாடி வைத்தியம் மலிவானது, வீட்டில் செய்யலாம். 2007 இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்த 22 பேரை வைத்துச் சோதித்தார்கள், கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த பிரிவில் எல்லாருக்கும் நான்கு கிழமையில் நோ குறைந்தது. சின்ன ஆய்வுதான், பிறகு வந்தவை எல்லாம் அவ்வளவு தெளிவாக இல்லை, என் அனுபவத்திலும் சிலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் செய்து பார்க்கத் தகுந்தது.

மாமா பாயில் காலை நீட்டி இருக்கட்டும், முதுகுக்குச் சுவர். கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் நீளவாக்கில் நிறுத்தி, பளபளப்பான பக்கம் வலது காலைப் பார்க்க வையுங்கள். வெட்டிய கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். சாரத்தை இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குச் சுருட்டிவிடுங்கள். கொஞ்சம் சாய்ந்து கண்ணாடிக்குள் பார்த்தால் இடது கால் இருக்கிறது. இப்போது வலது பாதத்தை மெல்ல மேலே, கீழே, விரலை மடக்கி விரித்து. அதே நேரத்தில் இல்லாத காலையும் மனதால் அப்படியே அசைக்க வேண்டும், கண்ணை எடுக்கக்கூடாது. ஒரு நாளைக்கு 15 நிமிடம். மூளை கண்ணை மிகவும் நம்புகிற ஒன்று, கட்டளைக்குப் பல வருடமாக வராத பதில் கண் வழியாக வந்து சேர்கிறது.

மாங்குளப் பக்கத்தில் ஓர் அக்காவுக்கு முதல் நாள் இதைச் செய்துகாட்டினேன். மிதிவெடியில் கால் போனவர். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "நிமிர்ந்திட்டுது" என்றார், அழத் தொடங்கிவிட்டார். அதனால் முதல் நாள் மாமாவைத் தனியே விடாதீர்கள், மாமியே பக்கத்தில் இருந்தால் நல்லது. தலைசுற்று, சத்தி வருகிற மாதிரி இருந்தால் நிறுத்திவிட்டு அடுத்த நாள் இரண்டு நிமிடத்தோடு தொடங்குங்கள்.

கண்ணாடி மட்டும் போதாது. வெட்டிய நுனியைத் துணியால், பிறகு உள்ளங்கையால் தேய்த்துவிடுவது, மெல்லத் தட்டுவது பலருக்கு உதவுகிறது. பொய்க்கால் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள், நுனி மெலிந்து பிடி தளர்ந்திருந்தால் அதுவே நரம்பு முடிச்சைக் குத்தும். பனடோல் இந்த நோவை அவ்வளவாகத் தொடாது, நரம்பு நோவுக்கென்று அமிட்ரிப்டிலின், கபபென்ரின் மாதிரி மருந்துகள் இருக்கின்றன, அவற்றை வைத்தியர் பார்த்து அளவு சொல்லித்தான் எடுக்கவேண்டும், அயல்வீட்டுக்காரரின் குளிசையை வாங்கிப் போடக்கூடாது. நுனி சிவந்து சுடுகிறது, புண் இருக்கிறது, அல்லது இதுவரை இல்லாத புது நோ என்றால் கண்ணாடியை வைத்துவிட்டு நேரே கிளினிக்குக்குப் போங்கள்.

இரவில் மாமா எழும்பும்போது கட்டிலடியில் ஒரு சின்ன லைற் எரியட்டும். நித்திரைத் தூக்கத்தில் மூளை பழைய காலை நம்பி ஊன்றிவிடும், நான் பார்த்த விழுகைகளில் பாதி அப்படித்தான் நடந்தது. கண்ணாடி வாங்கப் போகும்போது நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம் போதும், பழைய அலுமாரிக் கதவில் இருந்து கழற்றியதும் சரி. கடைக்காரரிடம் ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நல்ல காலை வெட்டிப்போடும்.